எங்கள் கம்ப்யூட்டர் முணுமுணுத்த வாரம்

ஜூன் 10, செவ்வாய்

இன்று வகுப்பில் என் பதிவைப் போட்டதும் எல்லோரும் காதைப் பொத்திக்கொண்டார்கள். தவறு என்னுடையதுதான். ஆறுகளைப் பற்றிய ஐந்தாம் வகுப்புப் பாடம் ஒன்றை வாசித்துப் பதிவு செய்து, இருமலையும் தடுமாற்றத்தையும் வெட்டி, சீராக்கிக் கொண்டுபோயிருந்தேன். வீட்டில் கேட்டபோது சன்னமாக இருந்தது. ஒலியை ஏற்றினேன். திரையில் ஒலியளவு காட்டும் மீட்டர் சிவப்பில் போய் முட்டி நின்றது. சிவப்பைத் தொடக்கூடாது என்று ஒலித் தொகுப்பு வகுப்பின் முதல் நாளே சொல்லித் தந்திருக்கிறார்கள். தெரிந்தும், காதுக்குப் போதவில்லை என்று இன்னும் ஏற்றினேன். 'ஆறுகள் மலையில் பிறக்கின்றன' என்ற முதல் வரியே இடி விழுந்த மாதிரி வந்தது.

"ஆறு பிறக்கலைம்மா, அணை உடைஞ்சிருக்கு" என்றார் மேடம். எல்லோரும் சிரித்தார்கள். அழுகை வந்துவிடப் போகிறதே என்று நானும் சிரித்தேன்.

வகுப்பு முடிந்ததும் கூப்பிட்டார். "உனக்குக் காதுல ஏதாவது பிரச்சினையா?"

"இல்ல மேடம். வீட்டு சிஸ்டத்துல சத்தம் கம்மியா வருது."

"சரி, வியாழக்கிழமை கொண்டா. அதுக்கு மேல பேர் அனுப்பாம என்னால நிறுத்தி வைக்க முடியாது."

பார்வையற்ற மாணவர்களுக்காகப் பாடங்களைப் பதிவு செய்யும் நிலையம் ஒன்றில் தொகுப்பாளர் இடம் காலியாக இருக்கிறது. எங்கள் வகுப்பிலிருந்து ஒரே ஒரு பெயரைத்தான் மேடம் அனுப்புவார். அது என் பெயராக இருக்க வேண்டும் என்று ஆசைப்படக்கூட எனக்குக் கூச்சமாக இருக்கிறது. ஆனால் ஆசைப்படுகிறேன்.

மேடத்திடம் சொன்னது உண்மைதானா என்று எனக்கே தெரியவில்லை. பகலில் நான் அட்டைப்பெட்டிப் பட்டறையில் வேலை பார்க்கிறேன். போன வாரம்தான் ஒட்டுகிற மேசையிலிருந்து அட்டை வெட்டும் மெஷினுக்கு மாற்றினார்கள். தாளை உள்ளே விட்டால் 'டமார்' என்று ஒரு வெட்டு. நாள் முழுக்க அதுதான். அங்கே பல வருஷமாக நிற்பவரை நாங்கள் 'ஆங்' அண்ணன் என்போம். எதைக் கேட்டாலும் முதலில் "ஆங்?" என்பார். அவர் போன் அடித்தால் பட்டறையே திரும்பிப் பார்க்கும். அவர் மட்டும் திரும்ப மாட்டார். ஒட்டுகிற மேசையில் இருந்தவரை எனக்கும் அது வேடிக்கையாகத்தான் இருந்தது.

கம்ப்யூட்டரில் சத்தம் குறைந்ததும் நான் மெஷினுக்குப் போனதும் ஒரே வாரம்.

எல்லாம் பார்த்துவிட்டேன். ஒலியளவுக் கோடு கடைசி வரை ஏறித்தான் இருக்கிறது. தொகுப்பு மென்பொருளுக்கென்று தனியாக இருக்கும் கோடும் அப்படியே. ஹெட்போனை முன்பக்கத் துளையிலிருந்து பின்பக்கத்துக்கு மாற்றினேன். துளையில் தூசியை ஊதினேன். தூசி என் கண்ணில் விழுந்ததுதான் மிச்சம். ஒலிக்கான டிரைவர் மென்பொருளை நீக்கிவிட்டுப் புதிதாக ஏற்றினேன். மாற்றமில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் நன்றாகக் கேட்டது. சந்தோஷப்பட்டேன். அன்று மாலையே பழைய கதை. காலையில் ஓய்ந்த காது, மாலையில் களைத்த காது என்று கணக்குப் போட்டால் சரியாகத்தான் வருகிறது.

செய்யாத சோதனை ஒன்று உண்டு. ஹெட்போனை அம்மாவின் போனில் செருகிக் கேட்க வேண்டும். அதிலும் சன்னமாகக் கேட்டுவிட்டால் கம்ப்யூட்டர் மேல் பழி போட முடியாது. ஆகவே செய்யவில்லை.

ஜூன் 11, புதன்

பட்டறையிலிருந்து வந்து முகம் கழுவிவிட்டு நேராகக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். அது கூடத்தில், சமையலறை வாசலை ஒட்டி இருக்கிறது. அம்மா வழக்கம்போல் அக்காவோடு பேச்சில் இருந்தாள். பேச்சு என்று சொல்வது அதிகம். அக்கா போன வாரம்தான் வேறு ஊரில் வேலை கிடைத்துப் போனாள். தனி அறை, தனிச் சமையல். போகும்முன் மைக்கும் சேர்ந்த ஒரு குட்டி ஸ்பீக்கரை நீளமான வயரோடு கம்ப்யூட்டரில் மாட்டிச் சமையலறை அலமாரியில் வைத்துவிட்டுப் போனாள். மாலையானதும் கம்ப்யூட்டரில் அவளுக்கு அழைப்பைப் போட்டுவிடுவோம். அங்கே அவள் சமைப்பாள், இங்கே அம்மா சமைப்பாள். நெடுநேரம் இருவரும் ஒன்றும் பேச மாட்டார்கள். பாத்திரச் சத்தம் மட்டும் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய்வரும்.

நான் ஹெட்போனை மாட்டி என் பதிவை ஓடவிட்டேன். சுவருக்கு அப்பால் யாரோ வாசிப்பது போல் இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு, சரி, இனிமேல் இப்படித்தான் என்று நினைத்தேன்.

சட்டென்று என் குரல் மண்டைக்குள் வெடித்தது. ஹெட்போனைப் பிடுங்கி மேசையில் எறிந்தேன்.

"அம்மா!"

"ஏண்டி கத்துற? நானே அவ லைன் போச்சேன்னு பார்த்துட்டிருக்கேன்."

"எப்போ போச்சு?"

"இப்பத்தான்."

ஹெட்போனை மெல்லக் காதில் வைத்தேன். கணீரென்று கேட்டது. அக்காவை மறுபடி அழைத்தேன். அவள் "ஹலோ" சொன்ன கணத்தில் என் குரல் கிணற்றுக்குள் இறங்கிவிட்டது.

"அம்மா, அவளைக் கட் பண்ணப்போறேன்."

"அவ உன்னை என்னடி பண்ணா?"

கட் செய்தேன், கணீர். கூப்பிட்டேன், முணுமுணுப்பு. இன்னொரு தரம் கட் செய்து கூப்பிட்டதும் அக்கா பொரிந்தாள். "ஏய், பைத்தியமா உனக்கு? வச்சு வச்சு கூப்பிடுற, இங்க அடுப்புல தீயுது!"

"தீயட்டும்க்கா! எனக்குக் காது நல்லா இருக்கு!"

அந்தப் பக்கம் அடுப்பை அணைக்கும் சத்தம் கேட்டது. பிறகு, "அம்மா, அவளுக்கு என்ன ஆச்சு?" என்றாள் அக்கா.

அப்புறம்தான் இருவரிடமும் எல்லாவற்றையும் சொன்னேன். மேடம் கேட்டது, மெஷின், 'ஆங்' அண்ணன், போனில் செய்யாமல் விட்ட சோதனை. அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து என் பக்கத்தில் நின்றாள்.

"ஒரு வாரமா இதை உள்ள வச்சுக்கிட்டா சோறு தின்ன?" என்றாள். அக்கா, "நான் இன்னிக்கு வச்சிடுறேன்மா. அவ வேலையை முடிக்கட்டும். தனியா சாப்பிட்டா எனக்கு ஒண்ணும் ஆகாது" என்றாள். கடைசி வார்த்தை சரியாக வெளியே வரவில்லை. அது எனக்குக் கேட்டது.

"வைக்காதக்கா. கொஞ்சம் இரு."

ஒலி அமைப்புகளைத் திறந்து ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தேன். இத்தனை நாள் எட்டிக்கூடப் பார்க்காத கடைசிப் பக்கத்தில் இருந்தது. யாராவது அழைப்பில் பேசினால் மற்ற ஒலிகளை என்ன செய்வது என்று கேட்டு, எண்பது சதவீதம் குறை என்பதில் புள்ளி வைத்திருந்தது. கோடுகள் எதுவும் இறங்காமலே அது குறைத்துவிடும். பழுதே இல்லை. பெரியவர்கள் போன் பேசினால் மெதுவாகப் பேசு என்று வளர்த்த பிள்ளை மாதிரி, அது மரியாதையாகக் குரலைத் தாழ்த்தியிருக்கிறது. 'ஒன்றும் செய்யாதே' என்பதற்குப் புள்ளியை மாற்றினேன். அக்கா அழைப்பில் இருக்கும்போதே ஆறுகள் முழுக் குரலில் பிறந்தன.

அம்மாவுக்கு மட்டும் நம்பிக்கை வரவில்லை. சமையலறைக்குள் போய், சுவர்ப் பக்கம் திரும்பி, வாய்க்குள்ளேயே சொன்னாள்: "தட்டெல்லாம் கழுவாம கெடக்கு."

"கேட்டுச்சும்மா!"

"கேட்டும் எந்திரிக்கலையே" என்றது அலமாரி ஸ்பீக்கர். அம்மா சிரித்தாள். நான் எழுந்துபோய் எல்லாத் தட்டையும் கழுவினேன். தண்ணீர் விழும் சத்தம், கரண்டி உரசும் சத்தம், அங்கே அக்கா தீய்ந்த பாத்திரத்தைச் சுரண்டும் சத்தம் என்று ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் கேட்டேன். யாருக்கு நன்றி சொல்வதென்று தெரியவில்லை. அக்காவின் ஊரில் அந்த நேரம் பார்த்துத் துண்டான இணைப்புக்கு முதலில் சொல்லிக்கொண்டேன். பிறகு என் இரண்டு காதுகளுக்கும்.

மெஷின் மட்டும் அப்படியேதான் இருக்கிறது. இன்று தப்பித்த காது நாளைக்கும் தப்பிக்கும் என்று சொல்ல முடியாது.

நாளை: மெஷினை ஓட்டுவதற்கு முன் சூப்பர்வைசரிடம் காதடைப்பான் கேட்க வேண்டும். எனக்கு ஒன்று, 'ஆங்' அண்ணனுக்கு ஒன்று. மாலையில் மூலப் பதிவை எடுத்து, சிவப்பைத் தொடாமல் திரும்பத் தொகுத்து, வகுப்பு தொடங்கும் முன் மேடத்திடம் கொடுக்க வேண்டும்.