களிமண்ணில் நின்ற கம்பி

திங்கட்கிழமை காலை சுண்டு விழுந்தபோது, ஒரு கையைத்தான் தரையில் ஊன்றினான்.

டீச்சர் அதைக் கண்ணால் பார்த்தாள். மழலையர் பள்ளியின் பின்முற்றத்தில் ஏழெட்டுக் குழந்தைகள் பந்தைத் துரத்திக்கொண்டிருந்தன. சுண்டுவும் இன்னொரு குட்டிப் பெண்ணும் ஒரே இடத்தில் தடுக்கி விழுந்தார்கள். அவள் இரண்டு உள்ளங்கைகளையும் ஊன்றி எழுந்து, மண்ணைத் தட்டிவிட்டு ஓடிவிட்டாள். சுண்டுவுக்கு வலது கை மட்டும் முன்னால் போனது. இடது கை நெஞ்சோடு மடங்கி, கட்டைவிரலை உள்ளே மூடிக்கொண்டு அப்படியே இருந்தது. முகவாய் நேராகத் தரையில் மோதியது. மூன்று தையல்.

சுண்டு வேறு யாருமில்லை, டீச்சரின் கூடப்பிறந்த அக்கா மகன். குறைமாதத்தில் பிறந்து சுண்டுவிரல் அளவே இருந்தான் என்று வீட்டில் வைத்த செல்லப்பெயர், மூன்றரை வயதாகியும் ஒட்டிக்கொண்டிருந்தது. அக்காவுக்கு மருந்துக்கடையில் வேலை. காலையில் மகனைத் தங்கையிடம் விட்டுவிட்டு, "நீ இருக்கறப்ப எனக்கென்ன கவலை" என்று சொல்லிவிட்டு ஓடுவாள். ஒரு நாள் தவறாமல் அதே வாக்கியம்.

தையல் போட்ட முகவாயைப் பார்த்து அக்கா கேட்டது ஒன்றுதான். "எப்படிடி விழுந்தான்?"

"கால் தடுக்கிடுச்சுக்கா."

பொய்யில்லை. ஆனால் அது பாதி. அந்த இடது கையைப் பற்றி டீச்சருக்கு எட்டு மாதமாகத் தெரியும்.

எட்டு மாதத்துக்கு முன் ஒரு நாள் மணி கோக்கும் விளையாட்டு. சின்ன விரல்களுக்குப் பிடிமானம் பழக்கும் ஆட்டம் அது. ஒரு கை நூலைப் பிடிக்க, மறு கை மணியை நுழைக்க வேண்டும். சுண்டுவுக்கு நூல் சரிந்தது, மணி உருண்டோடியது, உதடு பிதுங்கியது. டீச்சராக இருந்திருந்தால் கவனித்திருப்பாள். அந்த நிமிடம் அவள் சித்தியாக இருந்தாள். ஒரு களிமண் உருண்டையை மேசையில் அப்பி, முனை மழுங்கிய கம்பியை அதில் நட்டு, "இதுல போடுடா தங்கம்" என்றாள். ஒரே கையால் பத்து மணிகளையும் போட்டுவிட்டு, எல்லோரையும் கைதட்டச் சொன்னான். அவன் மட்டும் தட்டவில்லை.

அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. அவன் படம் வரையும் தாள் நகராமலிருக்க நாலு மூலையிலும் டேப் ஒட்டினாள். டப்பா மூடிகளை முன்கூட்டியே தளர்த்தி வைத்தாள். கிண்ணத்துக்கு அடியில் ஈரத்துணி விரித்தாள். புதுப் புது விளையாட்டு உருவாக்குவதில் அவளுக்குப் பேரே உண்டு. அந்தத் திறமை முழுவதும் ஒரு கையை மறைப்பதற்குப் போனது. மறைக்கிறோம் என்றுகூட அவளுக்குத் தோன்றவில்லை. கை கொஞ்சம் சோம்பேறி, வளர வளரச் சரியாகிவிடும் என்று தன்னையே சமாதானம் செய்துகொண்டாள். குறைமாதப் பிள்ளையை இன்குபேட்டர் கண்ணாடி வழியாகப் பார்த்துப் பார்த்து அழுத அக்காவிடம் போய் இதைச் சொல்ல வாய் வரவில்லை. நாளைக்கு, நாளைக்கு என்று எட்டு மாதம் ஓடியது.

வேடிக்கை என்னவென்றால், களிமண் கம்பி மற்றப் பிள்ளைகளுக்கும் பிடித்துவிட்டது. பெரிய டீச்சர் அவளை எல்லோர் முன்னாலும் பாராட்டி, எல்லா மேசையிலும் ஒன்று நடச் சொன்னார். சுண்டுவின் குறிப்பேட்டில் வரிசையாக டிக் விழுந்தது. மணி கோக்கிறான், டிக். மூடி திறக்கிறான், டிக்.

புதன்கிழமை தெரபிஸ்ட் அம்மா வந்தார். வருடத்துக்கு ஒரு முறை வந்து, பிள்ளைகளின் கை கால் வளர்ச்சியைப் பார்த்துவிட்டுப் போகிறவர். தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, சுண்டுவின் முகவாயைப் பார்த்தார்.

"என்ன சார், இங்க யாரு பட்டன் தைச்சது?"

"டாக்டர். நான் அழவேயில்ல."

"அழுதான்," என்றாள் பக்கத்திலிருந்த குட்டிப் பெண், தலையைக்கூடத் தூக்காமல்.

தெரபிஸ்ட் சிரித்தார். அரை மணி நேரம் எல்லா மேசைகளையும் சுற்றினார். எல்லா மேசையிலும் கம்பி, எல்லாக் கம்பியிலும் மணி. குறிப்பேடுகளைப் புரட்டினார். சுண்டுவின் பக்கத்தில் டிக்கைத் தவிர ஒன்றுமில்லை. எல்லோரும் நன்றாகச் செய்கிறார்கள், அடுத்த வருடம் பார்க்கலாம் என்று சொல்லிக் கைப்பையை மாட்டிக்கொண்டார். பெரிய டீச்சருக்கு முகமெல்லாம் பல்.

அடுத்த வருடம் சுண்டுவுக்கு நாலரை. இப்படி ஒரு கையை எவ்வளவு சீக்கிரம் பழக்குகிறோமோ அவ்வளவு நல்லது என்று, டீச்சர் பயிற்சியில் தன் கையாலேயே எழுதி வைத்திருக்கிறாள். எட்டு மாதத்தை அவள் ஏற்கெனவே தின்றாகிவிட்டது. இன்னும் ஒரு வருடமா?

தெரபிஸ்ட் கேட்டைத் திறந்துவிட்டார். தையலை டாக்டரிடம் காட்டுவதற்காக அரை நாள் லீவு போட்ட அக்கா, அதே கேட் வழியாக உள்ளே வந்துகொண்டிருந்தாள். டீச்சர் ஓடினாள்.

"மேடம், ஒரு நிமிஷம். நீங்க பார்த்தது சரியில்ல. மறுபடி பாருங்க."

வகுப்புக்குள் சுண்டுவின் மேசையிலிருந்த கம்பியைக் களிமண்ணோடு பெயர்த்து எடுத்தாள். நூலும் ஒரு மணியும் மட்டும் வைத்தாள். அவன் வலது கையில் மணியை எடுத்தான். நூல் மேசையில் கிடந்தது. மணியை வைத்துவிட்டு நூலை எடுத்தான். மணி மேசையில் கிடந்தது. பிறகு நூலைப் பல்லில் கடித்து, தலையைச் சாய்த்து, மணியை அதனருகில் கொண்டுபோனான். எச்சிலோடு நூல் வழுக்கி விழுந்தது. இடது கை மடியில் மூடிக் கிடந்தது, யாருடையதோ மாதிரி.

அவன் எழுந்து வந்து அவள் புடவையை இழுத்தான். "ஒட்டிக் குடு சித்தி."

தெரபிஸ்ட் அவளைப் பார்த்தார். "எத்தனை நாளா ஒட்டிக் குடுக்கறீங்க?"

"எட்டு மாசமா."

செருப்பைக்கூடக் கழற்றாமல் அக்கா வாசலில் நின்றிருந்தாள். "அப்ப திங்கக்கிழமை?"

"ஒரு கையைத்தான் ஊனினான்க்கா."

அக்கா கத்தவில்லை. மகனைத் தூக்கி இடுப்பில் வைத்து, மூடிய இடது விரல்களை ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்தாள். விட்டதும் அவை மெல்ல மூடிக்கொண்டன.

"நான்தான் குளிப்பாட்டுறேன், சட்டை மாட்டுறேன், சோறு ஊட்டுறேன். எல்லாத்தையும் நானே செஞ்சா எனக்கு எப்படிடி தெரியும்? தெரிஞ்ச உனக்கு வாய் இல்லாமப் போச்சே."

தெரபிஸ்ட் நிதானமாகப் பேசினார். முதலில் டாக்டர் பார்க்க வேண்டும், பயிற்சி உண்டு, அதிலும் பெரும்பகுதி விளையாட்டுதான் என்றார்.

மறுநாள் ஆஸ்பத்திரிக்கு டீச்சரும் போனாள். அக்கா அழைத்ததால் அல்ல, எப்போதிலிருந்து என்று டாக்டர் கேட்டால் சொல்ல அவளுக்குத்தான் தெரியும் என்பதால். டாக்டர் கேட்டார். அவள் ஒவ்வொரு விளையாட்டாகச் சொல்லச் சொல்ல, அக்கா எதிர்ச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். இன்னும் வயது இருக்கிறது, ஆனால் முன்பே வந்திருக்கலாம் என்றார் டாக்டர். எவ்வளவு சரியாகும் என்று இப்போது சொல்ல முடியாதாம். திரும்பும் வழியெல்லாம் அக்கா தங்கையிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

வெள்ளிக்கிழமை காலை அக்கா மகனை விட்டுவிட்டு ஓடவில்லை. அந்த வாக்கியத்தையும் சொல்லவில்லை. வகுப்பு வாசலிலேயே நின்றாள்.

தெரபிஸ்ட் சொல்லியனுப்பிய விளையாட்டு மேசையில் தயாராக இருந்தது. அகலமான ஒரு பிளாஸ்டிக் டப்பா, உள்ளே சுண்டுவின் சிவப்பு கார். மூடி லேசாகத்தான் இறுக்கியிருந்தது, ஆனால் டப்பாவை இன்னொரு கை பிடித்தால்தான் திறக்கும். சுண்டு வலது கையால் திருகினான். டப்பாவும் சேர்ந்து சுற்றியது. மறுபடி திருகினான், மறுபடி சுற்றியது. நிமிர்ந்து சித்தியைப் பார்த்தான். அவள் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"சித்தி?"

அவன் கண்ணில் நீர் கட்டியது. பெரிய துரோகி ஒருத்தியைப் பார்ப்பதுபோல் பார்த்தான். டப்பாவை இழுத்து நெஞ்சோடு அணைத்தான். அப்போது இடது முஷ்டி மேலே ஏறி, டப்பாவின் பக்கத்தில் உரசி, வழுக்கி விழுந்தது. அவன் வீறிட்டு அழுதான்.

பின்னால் கட்டியிருந்த கைகள் அவளை அறியாமல் அவிழ்ந்தன. மூடியை நோக்கி நீண்டன.

"தொடாதே."

இரண்டு நாளில் அக்கா அவளிடம் பேசிய முதல் வார்த்தை அது. டீச்சர் திரும்பிப் பார்த்தாள். அக்காவும் தன் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

சுண்டு அழுதுகொண்டே டப்பாவை மறுபடி நெஞ்சோடு இழுத்தான்.