அடுத்தவன் சோற்றுக்கூடை

மூன்று முறை பரோலில் விட்டார்கள். மூன்று முறையும் மோன்ஜி ஆறு மாதம் தாங்கவில்லை, பழையபடி மாமியார் வீடு. ஸ்ஃபாக்ஸ் நகரத்தில் அவன் தெருவே, "நாய் வாலை நிமிர்த்த முடியுமா?" என்று கைகழுவிவிட்டது. அக்கா வசீலா மட்டும் வாராவாரம் சிறைக்குச் சாப்பாட்டுக்கூடை சுமந்தாள். அவன் வெளியே இருக்கும்போதும் கூடை கதவுக்குப் பின்னால் தயாராகத் தொங்கும்.

நான்காம் முறை வந்தபோது கூடையைக் காணோம்.

"கூடை எங்கக்கா?"

"எதிர்வீட்டு கதூஜாக்கு குடுத்துட்டேன். அவ மகன் போன மாசம் உள்ள போயிட்டான்ல."

"நான் மறுபடி போனா?"

"போனா பட்டினி கிட!"

அடேயப்பா, அவனையும் நம்ப ஒருத்தி இருக்கிறாள்!

செவ்வாய்க்கிழமை கதூஜாவுக்கு முழங்கால் வீங்கிவிட்டது. சலவைக்கடை வேலைக்குக் கிளம்பிய வசீலா, கதூஜா மகனின் சாப்பாட்டுக்கூடையை அவன் கையில் திணித்தாள்.

"அந்த வாசலுக்கா? புடிச்சு உள்ள போட்ருவாங்கக்கா!"

"தப்பு எதுவும் பண்ணலேல்ல? அப்புறம் என்ன பயம்? போடா."

சிறைவாசலில் பெண்கள் வரிசை. மருந்துக்குக்கூட நிழல் இல்லை. இரண்டு மணி நேரத்தில் மோன்ஜியின் கை மரத்துப்போனது. ஜன்னலில் இருந்த காவலர் அவனை அடையாளம் கண்டுகொண்டார்.

"வாங்க மாப்பிள்ளை! இந்தத் தடவை சாப்பாட்டோடவே வந்துட்டீங்களா?"

வரிசையே சிரித்தது.

"எனக்கில்லீங்க. எதிர்வீட்டுப் பையனுக்கு."

உள்ளே எதையாவது ஒளித்திருக்கிறதா என்று காவலர் முள்கரண்டியை விட்டு மக்ரோனியைக் கிளறு கிளறென்று கிளறிக் கூழாக்கினார். பிறகு அவனை ஏற இறங்கப் பார்த்தார். "நல்லது. இனிமே இந்தப் பக்கம் வந்தா இப்படியே வா."

மோன்ஜி நகரவில்லை. இந்தக் கூழைத்தானே உள்ளே வாங்கிக்கொண்டு, 'உனக்குச் சமைக்கத் தெரியுமா?' என்று ஒன்பது வருஷம் அக்காவை ஏசினான்! பாவி, அவள் ஒரு வார்த்தை சொல்லியிருப்பாளா?

நேரே சலவைக்கடைக்கு ஓடினான். வசீலா இஸ்திரிப்பெட்டியைப் போட்டுவிட்டு வாசலுக்கே வந்துவிட்டாள். முகம் வெளுத்திருந்தது.

"விட்டுட்டாங்களாடா?"

தைரியமாக அனுப்பியவள் காலையிலிருந்து ஒரு சட்டைகூடத் தேய்க்கவில்லை என்று கூட இருந்தவர்கள் சொன்னார்கள்.

"விட்டுட்டாங்கக்கா." அவள் இரண்டு கையையும் பிடித்து முத்தமிட்டான். "மன்னிச்சுடுக்கா. உனக்கு நான் என்ன கைம்மாறு செய்வேன்!"

"ஒண்ணும் செய்ய வேணாம்," என்றாள் வசீலா அழுதுகொண்டே. "வீட்ல இரு, போதும்."