கேட்ட பாஷையில் பதில்

பாறசாலைக்கும் கொல்லயிலுக்கும் நடுவே, தென்னந்தோப்பின் ஓரத்தில் ஓலை வேய்ந்து நின்ற மிஷன் பள்ளிக்கூடத்தில் சத்தியபாய் டீச்சர் ஒரு வம்பை ஆசையாக வளர்த்து வைத்திருந்தாள். வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்கு மேல் பாடம் கிடையாது, கேள்விதான். பிள்ளைகள் கேட்க வேண்டும். டீச்சர் பதில் சொல்ல மாட்டாள்.

"எனக்கெங்க தெரியும் மக்கா? போய்க் கேட்டிட்டு வாங்க" என்று எல்லாரையும் ஊருக்குள் அவிழ்த்துவிடுவாள்.

அப்புறம் ஊர் பட்ட பாட்டை எந்தச் சரித்திரமும் எழுதாது. மீனுக்குத் தாகம் எடுக்குமா என்று மீன்காரரை வழிமறித்துக் கேட்டதில், அவர் யோசித்து முடிப்பதற்குள் கூடை மீனும் கருவாடாகிவிட்டது. சர்ச் மணியின் நாக்கு என்ன கனம் என்று பிள்ளைகள் தொங்கிப் பார்த்ததில், யாரோ செத்துப்போனதாக நினைத்துப் பாதி ஊர் மண்வெட்டியோடு குழிவெட்ட வந்துவிட்டது. ஆனாலும் ஒருவரும் பிள்ளைகளை விரட்டியதில்லை. வாசலில் கேள்வி வந்து நின்றால் உலை பொங்கி வழிந்தாலும் பதில் சொல்லிவிட்டுத்தான் உள்ளே போவார்கள். கேட்டு வந்த பதிலைத் திருத்தும் உரிமை டீச்சருக்கே கிடையாது. அது அவள் போட்ட சட்டம்.

அது எல்லைப் போராட்டம் கொதித்த காலம். தமிழ் தாலுகாக்களை மலையாள அரசிடமிருந்து பிரித்துச் சென்னையோடு சேர்க்கச் சொல்லி ஒரு வாரம் ஊர்வலம் போகும்; மறு வாரம் போலீஸ் ஜீப் வரும். ஊர்வலத்தின் முன்வரிசையில் டீச்சரின் புருஷன் பொன்னையன் கொடியோடு நிற்பான். அமரவிளை முக்கில் அவன் "தமிழ் வாழ்க" என்று ஒரு குரல் கொடுத்தால், அம்பூரி மலையில் ரப்பர் மரமெல்லாம் பால் வடிவதை நிறுத்திவிட்டுக் காது கொடுக்கும். அப்பேர்ப்பட்ட தொண்டை.

பள்ளிக்கூடத்தில் ஒரே கூரைக்குக் கீழே தமிழ் வகுப்பும் மலையாள வகுப்பும் இருந்தன. நடுவில் ஒரு ஓலைத்தட்டி. ஒரு வெள்ளிக்கிழமை ஹெட்மாஸ்டர் சதாசிவன் சார் தட்டியைச் சுற்றிக்கொண்டு வந்து சங்கடத்தோடு நின்றார்.

"டீச்சரே, திங்களாழ்ச்ச இன்ஸ்பெக்டர் வரும். இவிடெ தமிழ் வீடுகள் அதிகம் இல்லெங்கில் தமிழ் கிளாஸ் பூட்டும் என்னாணு கேள்வி."

மூடப்போவதாகப் பேச்சு அடிபட்ட தமிழ் வகுப்பு சத்தியபாயின் வகுப்பு. அவள் சோறு அது. அதைவிட, அவள் உயிர் அது. அவள் வாய் திறப்பதற்குள் முன்பெஞ்சிலிருந்து விமலகுமாரி எழுந்துவிட்டாள்.

"டீச்சர், நம்ம ஊரு தமிழாக்குமா, மலையாளமாக்குமா?"

டீச்சருக்குப் புல்லரித்துப்போயிற்று. இதைவிட நல்ல கேள்வி அந்தக் கூரைக்குக் கீழே பிறந்ததில்லை. "போய்க் கேட்டிட்டு வாங்க! வீட்டில என்ன பாஷை பேசுவீங்கன்னு வீடு வீடாக் கேளுங்க" என்றாள். பிள்ளைகளே கண்டுபிடித்துக் காட்டுவார்கள் என்று இன்ஸ்பெக்டருக்குச் சொல்லியனுப்பும்படி சதாசிவன் சாரிடமும் கேட்டுக்கொண்டாள். தமிழ் டீச்சர் பிள்ளைகளை வைத்துக் கள்ளக்கணக்குப் பண்ணினாள் என்று நாளைக்கு எவனும் பேசக்கூடாதல்லவா? அதனால் தமிழ் வகுப்பிலிருந்து ஒரு பிள்ளை, மலையாள வகுப்பிலிருந்து ஒரு பிள்ளை என்று ஜோடி ஜோடியாக அனுப்பினாள். விமலகுமாரிக்கு ஜோடி ஓமனா. தமிழ் வீடென்றால் சிரட்டையில் ஒரு புளியங்கொட்டை. மலையாள வீடென்றால் இன்னொரு சிரட்டையில் ஒரு சிவப்பு மஞ்சாடி விதை.

சனிக்கிழமை சாயங்காலம் பிள்ளைகள் திரும்பி வந்தார்கள். மஞ்சாடிச் சிரட்டை நிறைந்து, வழிந்து, வராந்தாவெல்லாம் உருண்டு ஓடியது. புளியங்கொட்டைச் சிரட்டையில் அடி தெரிந்தது.

டீச்சர் புளியங்கொட்டைச் சிரட்டையைக் கவிழ்த்துப் பார்த்தாள். "எலே, யாரு வீட்டில போய்க் கேட்டீங்க?"

"எல்லா வீட்டிலயும் டீச்சர். உங்க வீட்டிலயும் கேட்டோம்" என்றாள் விமலகுமாரி. "அதுவும் மஞ்சாடியாக்கும்."

டீச்சர் வீட்டுக்குப் போன வேகத்தில் வழியிலிருந்த கோழிகள் தென்னையில் ஏறிவிட்டன. பொன்னையன் அடுத்த ஊர்வலத்துக்குக் கொடிக்கம்பு சீவிக்கொண்டிருந்தான்.

"பிள்ளைங்க வந்து கேட்டதுக்கு நீங்க என்ன சொன்னீங்க?"

"எந்தப் பிள்ளைங்க? ஓ, அந்த ஓமனாவா? நல்ல சுட்டிப் பிள்ளை. 'மாமா, வீட்டில் எந்தா பாஷ'ன்னு கேட்டுது. 'மலையாளம் தன்னே மோளே'ன்னேன்."

"நீங்க கனவு காணுததே தமிழிலயில்லா!"

"அதுக்கு? அது மலையாளத்தில கேட்டுது பிள்ளே. வீட்டு வாசல்ல வந்து சிரிச்சிட்டு நிக்குது. அதோட மொகத்தைப் பாத்து 'எனக்கு உன் பாஷை வேண்டாம்'னு எப்படிப் பறைய? மரியாதைன்னு ஒண்ணு உண்டுல்லா?"

வந்தவர் பேசும் பாஷையில் பேசுவது அந்த ஊரின் சுவாசம். யாரும் கற்றுக்கொடுத்ததில்லை, யாரும் கவனித்ததுமில்லை. வாசலில் ஒரு மலையாளப் பிள்ளை நின்றால் தமிழ்ப் பிள்ளை பக்கத்தில் நிற்பதே யார் கண்ணிலும் படாது. நியாயமாக இருக்க வேண்டும் என்று ஜோடி சேர்த்தவள், ஊரின் வாயைத் தானே மலையாளத்துக்குத் திருப்பிவிட்டிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் விட்டதும் விமலகுமாரியைத் தனியே அனுப்பினாள். அதே வீடுகள், அதே கேள்வி, இந்த முறை தமிழில். மத்தியானத்துக்குள் பிள்ளை பாவாடை மடிநிறையப் புளியங்கொட்டையோடு வந்தாள். நேற்று மலையாளமென்ற வாயெல்லாம் இன்று தமிழென்றது. சதாசிவன் சார் வீடுகூடப் புளியங்கொட்டை.

"டீச்சர், எது சரி?" என்று விமலகுமாரி கேட்டாள்.

டீச்சர் தன் வாழ்நாளில் முதன்முறையாக ஒரு கேள்வியை வெறுத்தாள்.

திங்கட்கிழமை இன்ஸ்பெக்டர் வந்தார். பூப்போல ஆள், குரல் உயராது. மஞ்சாடிச் சிரட்டையைக் கையில் ஏந்தி, குழந்தையைக் கொஞ்சுவதுபோல் குலுக்கிப் பார்த்தார். இந்த மாதிரிக் கல்வியைத் திருவனந்தபுரத்திலேயே கண்டதில்லை என்றார். பிள்ளைகளைக் கைதட்டச் சொன்னார். விமலகுமாரியும் சேர்ந்து கைதட்டினாள். பிறகு அதே குரலில், தமிழ் வகுப்பை மலையாள வகுப்போடு சேர்த்துவிடலாம் என்றார்.

சத்தியபாய் எழுந்தாள். பேசினாள், பேசினாள், பள்ளிக்கூட ஓலையெல்லாம் விறைத்து நிற்கும்படி பேசினாள். ஞாயிற்றுக்கிழமைப் புளியங்கொட்டையைக் காட்டினாள். இந்த ஊர் பிள்ளையைத் தாலாட்டுவது தமிழில், ஜெபிப்பது தமிழில், புருஷனைத் திட்டுவது தமிழில், செத்தவரை அழுவது தமிழில் என்று ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். வேண்டுமானால் நீங்களே ஒரு பிள்ளையை அனுப்பிக் கேட்டுப் பாருங்கள் என்று கெஞ்சினாள்.

இன்ஸ்பெக்டர் மரியாதையாக முடிவுவரை கேட்டார். கண்கூட அவருக்குக் கலங்கிவிட்டது.

"டீச்சருடெ மலையாளம் எத்ர பங்கி!" என்றார், அதன் அழகில் சொக்கி. "இதுபோலெ பறயான் எனிக்கே அறியில்ல. பின்னெ எந்தினு தமிழ் கிளாஸ்?"

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அவர் மலையாளத்தில் பேசினார். அவளும் அவ்வளவு நேரமும் மலையாளத்திலேயே கெஞ்சியிருந்தாள். ஒரு தமிழ்ச் சொல்கூட வாயிலிருந்து விழுந்திருக்கவில்லை. நாக்கைப் பிடுங்கி எறியலாம் போலிருந்தது.

"டீச்சர் இவிடெத்தன்னெ மலையாளம் படிப்பிச்சால் மதி" என்று அவர் அவள் வேலையையும் காப்பாற்றிக் கொடுத்தார்.

விஷயம் கேள்விப்பட்டுப் பொன்னையன் கொடியும் கம்புமாகப் பாய்ந்து வந்தான். "எவன்டே அது தமிழை மூடுனவன்!" என்று அவன் போட்ட சத்தத்தில் பள்ளிக்கூட மணி தானாக அடித்தது. இன்ஸ்பெக்டர் வாசலுக்கு வந்தார். தமிழ் வகுப்புப் பெஞ்சை மலையாளப் பக்கம் நகர்த்த, அதன் ஒரு முனையை ஏற்கெனவே சத்தியபாய் தூக்கிக்கொண்டு நின்றாள்.

"சேட்டா, டீச்சர் ஒற்றய்க்கு கஷ்டப்படுன்னு. ஒன்னு பிடிக்காமோ?" என்றார் இன்ஸ்பெக்டர், சிரித்துக்கொண்டு.

"அதினெந்தா சாரே!" என்றான் பொன்னையன். கொடியைச் சுவரில் சாய்த்துவிட்டுப் பெஞ்சின் மறுமுனையைப் பிடித்தான்.

தட்டியைப் பிரித்துவிட்டிருந்தார்கள். நடுவழியில் நின்று அவன் மெல்லக் கேட்டான்: "இத எங்க கொண்டு வைக்கணும் பிள்ளே?"

"என்கிட்ட கேக்காதீங்க" என்றாள் சத்தியபாய். "அந்தாளிட்ட போய்க் கேளுங்க. அவரு வாய் தொறந்தாத்தானே நமக்கு வாய் வரும்."

அவன் போய்க் கேட்டான். மலையாளத்தில்தான்.