பிழையில்லாத பக்கம்

இருபத்திரண்டு வருடங்களாகப் பிழை திருத்திச் சம்பளம் வாங்கிய என்னிடம், பிழை போடச் சொன்னார் முதலாளி.

அந்த நாவலின் மூன்றாம் பாகம் வெளிவர மூன்று வாரம் இருந்தது. நாற்பதாயிரம் பேர் முன்பதிவு செய்திருந்தார்கள். கதாநாயகி கடைசியில் சாகிறாளா இல்லையா என்று ஊரே பந்தயம் கட்டியது. அட்டையைக்கூடத் துணியால் மூடிப் படம் எடுத்துத்தான் விளம்பரம் செய்தோம். விமர்சகர்களுக்கு எட்டு முன்பிரதிகள், கடைசியாக ஒருமுறை பார்க்க எனக்கு ஒன்று.

"ஒன்பதுலயும் கடைசிப் பக்கத்துல வேற வேற எழுத்துப் பிழை இருக்கணும். வெளியே கசிஞ்சா எந்தப் பிரதின்னு அந்தப் பிழையே காட்டிக் கொடுத்துடும். இது உங்களுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியணும்" என்றார்.

செல்போனை வாசல் பெட்டியில் போட்டுவிட்டு, ஜன்னல் இல்லாத அறைக்குள் உட்கார்ந்தேன். நாவலின் கடைசி வரி: 'அவள் கையில் ஒரு கறையும் இல்லை.' முதல் பிரதியில் கறையைக் கரை ஆக்கினேன். பெருக்கித் துடைத்த வீட்டில் நானே குப்பையைக் கொட்டுவதுபோல இருந்தது. ஐந்தாவதில் ஒரு ஒற்றெழுத்தை எடுத்துவிட்டேன். முதலாளி கண்ணாடியை ஏற்றிவிட்டுத் தேடினார்.

"இதுல எங்கம்மா பிழை?"

"'கதவை'க்கு அப்புறம் 'ச்' வரணும் சார்."

"இதையெல்லாம் எவன் பார்க்கப் போறான்? நல்ல பிழையா ஒண்ணு போடுங்க."

நல்ல பிழை. மகளிடம் சொல்லிச் சிரிக்க ஆசையாக இருந்தது. சொல்ல முடியாது. முதல் இரண்டு பாகங்களையும் அட்டை கிழியப் படித்தவள் அவள். சாப்பிட உட்காரும்போதெல்லாம் என்னைக் குடைவாள்.

"சாகிறாளா இல்லையாம்மா? வாயால சொல்ல வேண்டாம், தலையை மட்டும் ஆட்டு."

"கழுத்து சுளுக்கு."

"பெத்த பொண்ணைவிட உன் முதலாளி பெருசா?"

"கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கேன்டி."

மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொண்டு எழுந்து போவாள். எனக்குள் ஒரு கர்வம் இருந்ததை மறைப்பானேன். எவ்வளவோ புத்தகங்கள் பார்த்தாயிற்று. இதில்தான் முதல்முறையாக, பிழை திருத்தியவள் என்று, இரண்டாம் பக்கத்தில் 'மெய்ப்பு' என்பதற்கு நேரே என் பெயர் அச்சாகப்போகிறது. மகளை அழைத்துக் காட்ட வேண்டிய பக்கம் எனக்குக் கடைசிப் பக்கம் அல்ல, அந்த இரண்டாம் பக்கம்தான்.

வெளியீட்டுக்கு ஆறு நாள் முன்பு, காலை பத்து மணிக்கு, கடைசிப் பக்கம் எல்லோருடைய செல்போனிலும் வந்துவிட்டது. படமாக அல்ல, யாரோ தட்டச்சு செய்ததாக. மதியத்துக்குள் முன்பதிவு இன்னும் பதினைந்தாயிரம் ஏறியது.

முதலாளியின் அறையில் அதை மூன்று முறை படித்தேன். நான் போட்ட ஒன்பது பிழைகளில் ஒன்றுகூட அதில் இல்லை.

"சுத்தமான பக்கம் உங்க கம்ப்யூட்டர்ல மட்டும்தானே சார் இருக்கு?" என்றேன்.

அவர் கோபப்படவில்லை. வெளியே விட்ட கை எது என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

"ஒன்பதுல எதைப் பார்த்து அடிச்சிருந்தாலும் பிழையோட வந்திருக்கணும். வரலை. அடிக்கும்போதே திருத்துற கை இந்தக் கட்டடத்துல யாரோடதும்மா?"

பக்கம் அமைக்கும் தம்பி பக்கத்தில் நின்றிருந்தார். "அக்காவுக்குத் தப்பா அடிக்கவே வராது சார்" என்றார். எனக்காகப் பரிந்து பேசுவதாகவே அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

போலீசுக்குப் போகாமல் விடுகிறோம் என்றார்கள், பெருந்தன்மையாக. மறுநாள் பத்திரிகைகளில் 'உள்ளிருந்தே துரோகம்' என்று வந்தது. துரோகம் செய்தது யார் என்று பெயர் இல்லை. வேலை போனவளுக்குத் தனியாகப் பெயர் எதற்கு?

வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்த முதல் காலை, எனக்கு என்மீதே சந்தேகம் வந்தது. அந்தக் கைக்கு நிஜமாகவே தப்பாக அடிக்க வராதா? செல்போனை எடுத்து, கடைசிப் பக்கத்தை நினைவிலிருந்து அடித்தேன். கடைசி வரிக்கு வந்தபோது 'கரை' என்றே அடிக்க நினைத்தேன். விரல் 'கறை' என்றது. அழித்துவிட்டு மறுபடி அடித்தேன். மறுபடியும் கறை. முதலாளி என்னை நன்றாகத்தான் படித்து வைத்திருந்தார். அடுப்பில் பால் பொங்கியது, எழுந்து ஓடினேன்.

திரும்பி வந்தபோது செல்போன் மகள் கையில் இருந்தது.

"இதுதானே அது?"

"சோதிச்சுப் பார்த்தேன்."

"எதை?"

"எனக்குத் தப்பா அடிக்க வருதான்னு."

சொல்லும்போதே எனக்கே அது பொய்யாகக் கேட்டது.

"எனக்குத் தலையைக்கூட ஆட்டலை. ஊருக்கே தட்டி அனுப்பியிருக்கே" என்றாள். குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் நானும் கத்தி ஆற்றிக்கொண்டிருப்பேன். அதற்குப் பிறகு 'சாப்பாடு வை', 'சாவி எங்கே' என்பதற்கு மேல் அவள் என்னோடு பேசவில்லை.

வெளியீட்டு நாளன்று வெயிலில் மூன்று மணி நேரம் வரிசையில் நின்று, ஆசிரியரின் கையெழுத்தோடு ஒரு பிரதி வாங்கி வந்தாள். அவள் முகம் கழுவப் போனதும் திறந்து பார்த்தேன். இரண்டாம் பக்கத்தில் 'பக்க அமைப்பு' என்று அந்தத் தம்பியின் பெயர் இருந்தது. அதற்கடுத்த வரியில் நேராக 'அச்சு'.

கடைசிப் பக்கத்துக்குப் போனேன். 'அவள் கையில் ஒரு கரையும் இல்லை.'

முதல் பிரதியின் கோப்பையே அச்சுக்கு அனுப்பியிருக்கிறார்கள். நான் போன பிறகு அங்கே பார்க்க ஆள் இல்லை. ஐம்பத்தைந்தாயிரம் பிரதியிலும் என் பிழை. வெட்கம்கெட்ட சந்தோஷம் ஒன்று தொண்டைவரை வந்தது. இதைக் காட்டியே எல்லாவற்றையும் அவளுக்குச் சொல்லிவிடலாம்.

"இங்க வாயேன். இந்த வரியைப் படி."

துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே படித்தாள். "நல்லாத்தானே இருக்கு?"

"கறைக்கு வல்லின ற. இந்தப் பிழை நான் வேணும்னே போட்டது. அவர்தான் போடச் சொன்னார்."

அவள் வரியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"இதுவும் நீதானா?"

என் கை தானாகப் பேனாவைத் தேடி எடுத்திருந்தது. அவள் புத்தகத்தை மெல்ல உருவிக்கொண்டாள்.

"எழுதிடாதம்மா. கையெழுத்துப் போட்ட பிரதி."