வேளைக்கு இரண்டு டம்ளர்

என் வீட்டுக்காரருக்கு மருந்துக்கடையில் வேலை. எதையும் மூன்று வேளை, சாப்பாட்டுக்குப் பின் என்று சொல்லிக் கொடுத்தே பழகிய மனிதர்.

என் தங்கை வேரோடு ஒரு பருப்புக்கீரைச் செடியைக் கொடுத்து, "காட்டுச்செடி மாமா, தானா வளரும்" என்று சொல்லித்தான் போனாள். அது அவர் காதில் ஏறவே இல்லை. தொட்டியில் நட்டு, வேளை தவறாமல் ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றினார். துவண்ட தண்டுகளை ஒடித்துச் சன்னலுக்கு வெளியே வீசிவிட்டு, அளவை இரண்டு டம்ளராக்கினார். மூன்றே வாரத்தில் செடி அழுகிப்போனது.

ஞாயிற்றுக்கிழமை வருவதாகத் தங்கை போன் செய்தாள். அவர் முகத்தில் ஈயாடவில்லை. சத்தம் போடாமல் அவரை வீட்டின் பின்பக்கம் கூட்டிப்போனேன். சன்னலுக்குக் கீழே சிமெண்டு வெடிப்பெல்லாம் பருப்புக்கீரை. கொழுகொழுவென்று, மஞ்சள் பூவோடு படர்ந்து கிடந்தது.

"இது எப்படி வந்துச்சு?"

"நீங்க ஒடிச்சு வீசினதுதான்."

"யாரு தண்ணி ஊத்தினது?"

"யாரும் ஊத்தல. அதான் பொழச்சிருக்கு."

பிறகு உள்ளே போய்த் தண்ணீர் டம்ளரோடு வந்தார்.

அதைப் பிடுங்கி நானே குடித்துவிட்டேன்.