கதவோரத்து ஆசனம்

என் அக்கா நாகலெட்சுமிக்கு இடுப்பு உடைந்து போன விஷயம் எங்கள் லயத்து வரிசை வீடுகளில் கைக்குழந்தை தவிர எல்லாருக்கும் தெரியும். தோட்டத்து ஆபீசுக்கு மட்டும்தான் தெரியாது.

தோட்டம் நோர்வூட்டுக்கு மேலே. ஒரு மழை நாளில் கொழுந்துக் கூடையோடு தண்ணீர்க் கான் தாண்டும்போது வழுக்கி, கருங்கல்லின் மேல் விழுந்தாள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் வேலைக்கு ஏலாது என்று டாக்டர் எழுதிக் கொடுத்துவிடுவார். எழுதிக் கொடுத்தால் தோட்டத்துப் பதிவில் பேர் வெட்டுப்படும். பேர் வெட்டுப்பட்டவளுக்கு லயத்துக் காம்பராவில் என்ன உரிமை? அதனால் ஒரு சிங்கள வைத்தியரிடம் எண்ணெய்க் கட்டுப் போட்டுக்கொண்டு அறைக்குள்ளேயே கிடந்தாள். காய்ச்சல் என்று சொல்லி வைத்தோம். எழுந்தபோது வலது கால் குட்டையாகி, இழுத்துக்கொண்டுதான் வந்தது.

அதன் பிறகு அவள் நடப்பதைக் கணக்கப்பிள்ளை பார்க்காமல் இருப்பதே எங்கள் வேலை ஆனது. விடியுமுன்னே பக்கத்துக் காம்பரா வேலாயியும் நானும் முறைவைத்து அவளை முதுகில் சுமந்துபோய், மேலே கம்பளியைப் போர்த்திக்கொண்டு, பெரட்டுக் களத்தில் முன்வரிசையில் நிறுத்திவிடுவோம். பேர் கூப்பிடும்போது அவள் முதல் ஆளாய் நிற்பாள். கங்காணி ஆண்டியப்பன் உள்ளுக்குள் எல்லாம் தெரிந்தவர். "என்ன நாகலெட்சுமி, எப்பவும் எனக்கு முந்தி வந்து நிக்கிற. ராத்திரி இங்கதான் படுக்கையா?" என்பார். அவளும், "ஆமாங்க, உங்க வீட்டுல இடமில்லேன்னுட்டாங்க" என்பாள். அவளுக்கு ஏறத் தேவையில்லாத பள்ளத்து நிரையாகப் பார்த்துக் கொடுப்பார். கொழுந்து நிறுக்கிற இடத்துக்கு அவள் கூடையும் வேலாயியின் தலையில்தான் போகும்.

வலி வந்து கால் நின்றுவிட்டால் அக்காவிடம் ஒரு தந்திரம் இருந்தது. கையை நீட்டி, "அங்க பாரு" என்பாள். எதிர் மலையில் மேகம் இறங்குவதோ, கீழே பஸ் வளைவதோ, ஏதாவது ஒன்று. எல்லாரும் அந்தப் பக்கம் திரும்புவார்கள். அவள் மூச்சு வாங்கிக்கொள்வாள்.

அக்காவின் புருஷன் விசா முடிந்து இந்தியாவுக்குப் போனவர். மகள் அம்மாக்கண்ணுவையும் கூட்டிக்கொண்டு முதலில் போய், பிறகு அக்காவைக் கூப்பிட்டுக்கொள்வதாகப் பேச்சு. போன கொஞ்ச காலத்தில் அங்கேயே இறந்துபோனார். பிள்ளை முசிறிப் பக்கம் அத்தை வீட்டில் வளர்ந்தாள். அறுபத்தைந்தாம் வருஷம் தை மாதக் கடைசியில் அவளுக்குக் கல்யாணம் வைத்தார்கள். ஊருக்குப் போய்வந்த ஒருவரிடம், அம்மா வந்து பக்கத்தில் நின்றால்தான் மணவறையில் உட்காருவேன் என்று சொல்லி அனுப்பியிருந்தாள். அம்மாவுக்குக் கால் போனது அவளுக்குத் தெரியாது. அக்கா யாரையும் சொல்ல விடவில்லை.

நாங்கள் எப்போதும் போகிற வழி தலைமன்னார்க் கப்பல். முந்தின மார்கழிப் புயலில் தனுஷ்கோடி கடலோடு போய்விட்டது. கப்பலும் இல்லை, அந்தக் கரையில் ரயிலும் இல்லை. எங்களுக்குத் தெரிந்து விமானத்தில் போனவர் நோர்வூட்டில் துணிக்கடை வைத்திருந்த ஹசன் நானா ஒருவர்தான். சரக்கெடுக்கத் திருச்சிக்குப் போய் வருவார். பயணக் காகிதங்களுக்கு அவரே அலைந்தார். அக்காவின் தோடும் என் வளையலும் டிக்கட்டாயின.

விமானத்துக்குள்ளே ஏறினவுடனே கதவை ஒட்டி ஓர் ஆசனம் இருக்கும் என்று ஹசன் நானா சொன்னார். போன வருஷம் அவருடைய உம்மா றுக்கையாவை நாற்காலியோடு தூக்கி அதில்தான் உட்கார வைத்தார்களாம். அப்போது யாரும் ஒன்றும் கேட்கவில்லை. இப்போது விமானக் கம்பனி ஒழுங்கை மாற்றிவிட்டது. நடக்க ஏலாதவர்கள் டிக்கட் எடுக்கும்போதே சொல்லி, டாக்டரின் கடிதமும் காட்ட வேண்டும். அப்படிச் சொன்னவர்களுக்குத்தான் தூக்குகிற ஆளும் கதவோரத்து ஆசனமும். மற்றவர்கள் தங்களுக்கு விழுந்த நம்பரில் போய் உட்கார வேண்டியதுதான்.

"நோவு இருக்கிறத உள்ளபடி செல்லிருங்க தங்கச்சி. டொக்டர் துண்ட நான் ஹட்டன்லயே எடுத்துத் தாறேன்" என்றார். அக்கா தலையாட்டினாள்.

ஹட்டனில் கம்பனியின் ஏஜண்ட் ஒரு மாடி அறையில் இருந்தார். ஹசன் நானாவும் நானும் அக்காவைச் சுவரைப் பிடித்துப் பிடித்து மேலே ஏற்றினோம். மேசைக்கு முன்னால் ஒரு வாங்கு போட்டிருந்தது, அதில் அவளை உட்கார வைத்துவிட்டுப் பக்கத்தில் நின்றேன். ஏஜண்ட் நல்ல மனுஷர்தான். வெள்ளைச் சட்டை, கையில் பேனா. பேர் கேட்டார், தோட்டம் கேட்டார், பிறகு தலையை நிமிர்த்தாமலே, "அம்மா நடப்பீங்களா? படி ஏறுவீங்களா?" என்று கேட்டார்.

"நடப்பேங்க ஐயா" என்றாள் அக்கா.

ஹசன் நானா சட்டென்று திரும்பினார். அக்கா அவரை ஒரு பார்வை பார்த்தாள். பெரட்டுக் களத்தில் யாராவது வாய் தவறப் போனால் பார்க்கிற அதே பார்வை. அவர் டிக்கட் காசை எண்ணி மேசையில் வைத்தார். பேனா பிடித்த ஒருவர் முன்னால் ஏலாது என்று சொல்லி நன்மை கண்டவர்கள் எங்கள் லயத்தில் இல்லை. இறங்கி வரும்போது நானா திட்டித் தீர்த்தார். அது தோட்டத்து ஆபீஸ் இல்லை, இல்லை என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அக்கா படியின் நடுவில் நின்று, "அங்க பாருங்க நானா, ஸ்டேசன்ல ரயில் வந்துருச்சு" என்றாள். ரயில் ஒன்றும் வரவில்லை.

கொழும்புக்குப் பக்கத்தில் ரத்மலானை விமானத் திடல் வரைக்கும் நானாவின் மருமகன் ஸுஹைர் கூட வந்தான். வெட்டவெளியில் விமானம் நின்றது. மூக்கு வானத்தைப் பார்க்க, வால் தரையில் கிடந்தது. ஏறுகிற கதவு வால் பக்கத்தில். அக்கா கையில் ஒரு கம்பு வைத்திருந்தாள், கொழுந்து பறிக்கும்போது மட்டம் பார்க்கச் செடியின் மேல் போடுகிற கம்பு. ஏணியின் அடியில் நின்ற ஆள் அதை வாங்கிச் சாமான்களோடு போடச் சொல்லிவிட்டான். உள்ளே நீட்டமான பொருள் கொண்டுபோகக் கூடாதாம். நான் அவள் முகத்தைப் பார்த்தேன். கொடுத்துவிட்டாள்.

ஏணியின் கம்பியைப் பிடித்து நல்ல காலை முதலில் வைத்தாள், மற்றதை இழுத்தாள். ஒவ்வொரு படியிலும் நின்றாள். "பூரணி, அங்க பாரு, தென்னை. அங்க பாரு, கடல் தெரியுது." எங்களுக்குப் பின்னால் நின்றவர்களும் பார்த்தார்கள். விமானம் ஏறுகிற சந்தோஷத்தில் தோட்டத்துப் பொம்பளை வேடிக்கை பார்க்கிறாள் என்று ஒருவர் சிரித்தார். கதவில் நின்ற பணிப்பெண் சிங்களத்தில், தனியாக நடக்க முடியுமா என்று கேட்டாள். "புளுவன் நோனா" என்றாள் அக்கா. முடியும்.

உள்ளே போனதும்தான் அது எனக்குத் தெரிந்தது. நடைபாதை மேட்டில் ஏறியது. மலையைத்தான் விட்டு வந்தோம் என்று நினைத்தேன், அது விமானத்துக்குள்ளே இருந்தது. எங்களுடைய ஆசனங்கள் அந்த மேட்டின் உச்சியில், முன்வரிசையில். அக்கா இரண்டு பக்கமும் ஆசனங்களின் முதுகைப் பிடித்தாள். சரிவில் ஏறும்போது தேயிலைத் தூரைப் பிடித்துப் பிடித்து ஏறுவோமே, அப்படி. நான் பின்னால் இருந்து அவள் இடுப்பில் தோளைக் கொடுத்துத் தள்ளினேன். அங்கே காட்டுவதற்கு எதுவும் இல்லை, ஜன்னல்கள் சின்னவை. உட்கார்ந்தபோது அவள் ரவிக்கை முழுக்க நனைந்திருந்தது.

"ஏறிட்டேன்டி" என்றாள்.

விமானம் எழும்பிச் சமமானதும் அவள் முகமும் சமமானது. பாக்குப் போட்டுக்கொண்டாள். அம்மாக்கண்ணு உயரமாக இருப்பாளா, குட்டையாக இருப்பாளா என்று கேட்டாள். அவங்கப்பா மாதிரி உயரந்தான் என்றேன். மணவறைக்குப் பக்கத்தில் முந்தியே போய் நின்றுகொள்ள வேண்டும், எல்லாரும் வருவதற்குள் நின்றுவிட்டால் யாருக்கும் தெரியாது என்றாள். பெரட்டுக்குப் போகிற மாதிரியே அதையும் யோசித்து வைத்திருந்தாள்.

யாழ்ப்பாணத்தில் விமானம் இறங்கியது. அங்கே கொஞ்ச நேரம் நிற்கும், உள்ளேயே உட்கார்ந்திருக்கலாம் என்றுதான் ஹசன் நானா சொல்லியிருந்தார். அதுவும் மாறியிருந்தது. எல்லாரும் இறங்க வேண்டும், சாமான்களையும் காகிதங்களையும் காட்ட வேண்டும், மறுபடி ஏற வேண்டும். ஆட்கள் எழுந்து மளமளவென்று இறங்கினார்கள். அக்கா முன்னால் இருந்த கம்பியைப் பிடித்து எழும்பப் பார்த்தாள். இடுப்பு எழும்பவில்லை. இன்னொரு தரம் பார்த்தாள். உதட்டைக் கடித்ததில் ரத்தம் வந்துவிட்டது. நடைபாதை இப்போது பள்ளமாய்க் கீழே போனது, அதன் அடியில் வெளிச்சமாய்க் கதவு.

கம்பனிக்காரர் ஒருவர் ஏறி வந்தார், யாழ்ப்பாணத்து ஆள். "ஏனம்மா இறங்கேல்லை? சுகமில்லையோ?" என்று குனிந்து கேட்டார்.

அக்கா என்னைப் பார்த்தாள். பிறகு அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"எனக்கு நடக்க ஏலாதுங்க ஐயா" என்றாள்.

நான் அவளோடு பிறந்து வளர்ந்தவள். விழுந்த நாள் முதல் அந்த வார்த்தையை அவள் ஒரு அந்நிய மனிதரிடம் சொல்லி நான் கேட்டதில்லை.

அவர் பதறித்தான் போனார். "இதை நீங்கள் முதலே சொல்லியிருக்க வேணுமெல்லோ? சொல்லியிருந்தா அந்தக் கதவடியில் இருத்தி, இறக்காமலே கொண்டுபோயிருப்பம்" என்றார். நாற்காலி கொண்டுவரச் சொன்னார். இரண்டு பேர் அவளை அலுங்காமல் இறக்கி நிழலில் வைத்தார்கள். சோடா வாங்கிக் கொடுத்தார்கள். அத்தனை மரியாதையாக அவளை யாரும் நடத்தியதில்லை. ஆனால் மறுபடி ஏற்ற மாட்டோம் என்றுவிட்டார்கள். டாக்டர் கடிதம் இல்லாமல், முதலே எழுதி வைக்காமல், நடக்க ஏலாதவரைக் கடல் தாண்டிக் கொண்டுபோக இப்போது அனுமதி இல்லை. கடிதம் எடுத்துக்கொண்டு அடுத்த விமானத்தில் போகலாம் என்றார். அதற்குள் கல்யாணம் முடிந்துவிடும். நான் அவர் காலில் விழப் போனேன். அவர் விலகிக்கொண்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டே, தன் கையில் இல்லை என்றார்.

நானும் போகவில்லை என்றேன். அக்கா என் கையைப் பிடித்து அழுத்தினாள்.

"புள்ள தனியா நிக்கிறாடி. நம்ம பக்கத்து ஆளுன்னு யாராச்சும் நிக்க வேணாமா? போ."

"என்னன்னு சொல்லுவேன்க்கா?"

"உள்ளதைச் சொல்லு. இவருகிட்டயே சொல்லிட்டேன், இனி என்ன இருக்கு?"

ஹசன் நானாவுக்குத் தந்தி அடிப்பதாகவும், ஸுஹைர் வந்து கூட்டிப் போகும் வரை அவளைத் தன் வீட்டில் வைத்துக்கொள்வதாகவும் அந்த மனிதர் சொன்னார். சொன்னபடி செய்தார்.

கடைசி ஆளாக நான்தான் ஏறினேன். ஏணி உச்சியில் நின்று திரும்பிப் பார்த்தேன். அக்கா நாற்காலியில் இருந்தாள், கையை நீட்டி எதையும் காட்டவில்லை. பணிப்பெண்ணுக்கு அவசரம். மேலே போக விடாமல், கதவை ஒட்டி இருந்த அந்த ஆசனத்திலேயே என்னை உட்கார வைத்தாள். கதவிலிருந்து இரண்டு எட்டுக் கூட இல்லை. திருச்சி வரைக்கும் நான் அதில்தான் போனேன்.

கல்யாணத்தில் அம்மாக்கண்ணு மணவறையில் உட்காரவே மாட்டேன் என்று நின்றாள். உயரமாய்த்தான் இருந்தாள். அவளைத் தனியே கூட்டிப்போய், உங்கம்மாவுக்கு நடக்க ஏலாது, இத்தனை வருஷமாக ஏலாது என்று சொன்னேன். அவள் அழவில்லை. எந்தக் கால் என்று கேட்டாள். வலது கால் என்றேன். பிறகு போய் உட்கார்ந்தாள்.

நான் திரும்பி வந்தபோது அக்கா படுக்கையில் கிடந்தாள். ஸுஹைர் அவளைப் பட்டப்பகலில் ரோட்டிலிருந்து தூக்கிக்கொண்டு வந்திருக்கிறான், ஒளிக்கச் சொல்லி அவளும் கேட்கவில்லையாம். கணக்கப்பிள்ளை பார்த்தார். பேர் வெட்டுப்பட்டது. கங்காணி ஆண்டியப்பன் மன்றாடி என் பேருக்கு மாற்றிக் கொடுத்ததால் காம்பரா தப்பியது. அந்த ஏணியில் ஏறியதில் இடுப்பில் பழைய முறிவு மறுபடி விட்டிருந்தது. இந்தத் தடவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அவர்களால் ஒன்றும் செய்ய முடியவில்லை. பங்குனியில் போய்விட்டாள்.

போவதற்குக் கொஞ்சம் முன்னால் கல்யாணக் கதையெல்லாம் கேட்டு முடித்துவிட்டு, "உனக்கு எங்க எடம் குடுத்தாங்க, அதே முன்வரிசையா?" என்று கேட்டாள்.

கதவுக்குப் பக்கத்தில் என்றேன்.

"அதுல யாரு இருந்தாங்க அதுவரைக்கும்?"

"ஒரு வயசான ஐயா இருந்தாருக்கா. யாழ்ப்பாணத்துல இறங்கிட்டாரு."

அக்கா கூரைத் தகரத்தைப் பார்த்துக்கொண்டு சிரித்தாள்.

"பொய் சொல்லாதடி. நான் ஏறும்போதே பாத்தேன், அது காலியாத்தான் கெடந்துச்சு. அதப் புடிச்சுக்கிட்டுத்தானே மேல ஏறுனேன்."