ரெண்டு சுக்கு

"கண்ணெல்லாம் மஞ்சளா இருக்குதுங்க" என்று நான் சொன்னபோது, "போடி, வெளக்கு வெளிச்சம்" என்று சண்டைக்கு வந்தார் என் வீட்டுக்காரர் பரசுராமன். ஆஸ்பத்திரி டாக்டர் சொன்ன பிறகுதான் வாயை மூடினார்.

"காமாலை. ஈரல் வீங்கியிருக்கு. கஞ்சி, மோர், ஓய்வு. எண்ணெய் வாசனைகூட ஆகாது" என்றார் டாக்டர்.

இந்த மனுஷனுக்கு நோயைவிட ஆடிக் கிருத்திகைதான் கவலை. போன வருஷம் நான் விஷக் காய்ச்சலில் கிடந்தபோது, நான் பிழைத்தால் பூக்காவடி எடுத்து மலையேறுவதாக வேண்டிக்கொண்டிருந்தார்.

"வேண்டுதல் தவறிப்போனா உனக்கு இன்னா ஆவுமோ, சந்திரா" என்று ஓயாத புலம்பல்.

"மொதல்ல உங்களுக்கு இன்னா ஆவுதுன்னு பாருங்க" என்று எரிந்து விழுவேன்.

அந்த நேரத்தில்தான் நகரியிலிருந்து வேணு அண்ணன் வந்தார். என் நாத்தனார் புருஷன். எலுமிச்சைப்புல்லைக் காய்ச்சித் தைலம் இறக்குவது அவர் தொழில். தைலத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நிறுத்தவே மாட்டார். பேச்சில் பாதி தெலுங்கு. எங்கள் திருத்தணியையும் அப்போதுதான் ஆந்திராவில் சேர்த்திருந்தார்கள். ஊர் போய்விட்டது, என் காது போகவில்லையே! நான் உத்திரமேரூர்க்காரி. எனக்குத் தெலுங்கு சுட்டுப்போட்டாலும் வராது.

வீட்டுக்காரர் தூங்கிக்கொண்டிருந்தார். அண்ணன் என் கையில் ஒரு தைலச் சீசாவைத் திணித்தார்.

"ஈரல்ல இருக்கிற கெட்டதெல்லாம் ஓடிடும்மா. மோர்ல ரெண்டு சுக்க போட்டுக் குடு. எழுந்து காவடி தூக்குவான் பாரு!"

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பியும் விட்டார்.

நான் ரெண்டு சுக்கை எடுத்து, நைய இடித்து, ஒரு டம்ளர் மோரில் போட்டேன். வீட்டுக்காரர் எழுந்து வந்து சீசாவைப் பார்த்தார்.

"தைலம் எவ்ளோ ஊத்தணும்?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அதைச் சொல்லவே இல்லையே!

"முழுசும்தான் இருக்கும். சின்ன சீசாதானே" என்றார்.

"டாக்டரு எண்ணெயே ஆகாதுன்னாரு. கேட்டுகினு வரேன், தொடாதீங்க."

ஓட்டமாக ஓடினேன். நகரி பஸ், நல்லவேளையாக, இஞ்சினுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு நின்றது. ஜன்னலோரம் அண்ணன்.

"அண்ணே, சுக்கு ரெண்டு போட்டுட்டேன். தைலம் எவ்ளோ?"

அண்ணன் முகம் வெளுத்தது. "அய்யய்யோ! சுக்கு இல்லம்மா, சுக்க! தெலுங்குல சொட்டு! தைலம் ரெண்டே சொட்டு! அதிகமாப் போனா ஈரல் வெந்துடும்!"

எப்படித் திரும்பினேன் என்று எனக்கே தெரியாது. அண்ணன் பஸ்ஸை விட்டுவிட்டுப் பின்னாலேயே ஓடி வந்தார்.

வீட்டில் சீசா காலி. ஐயா டம்ளரைக் கையில் பிடித்து, கண்ணை மூடி, "கந்தா, கடம்பா, கதிர்வேலா, தணிகை வேலா..." என்று சொல்லிக்கொண்டிருந்தார். மருந்து பலிக்க வேண்டுமாம்! முருகனுக்கு இத்தனை பேர் இருந்ததால்தான் நான் இன்றைக்குப் பொட்டோடு இருக்கிறேன். டம்ளரைத் தட்டிவிட்டேன். மோர் சுவரெல்லாம் தெறித்தது.

மூன்று பேரும் டாக்டரிடம் போனோம். அவர் சிரிக்கவில்லை.

"பூசிக்கிறதுக்குத் தைலம் நல்லது. நொந்த ஈரலுக்கு ஒரு சொட்டுகூட வேணாம். சும்மா விட்டாலே அது தேறிடும். ஆனா இந்த ஆடிக்கு மலையேறக் கூடாது."

அவ்வளவுதான். வழியெல்லாம் இவர் குழந்தை மாதிரி அழுதார்.

"எனக்கு ஏதாச்சும் வந்தா வரட்டும். உன் உசிருக்குன்னு வேண்டினதாச்சே" என்றார்.

கோபமும் ஆசையும் ஒன்றாகப் பொங்கின எனக்கு. "என் உசிருக்குத்தானே? அப்போ நானே எடுக்கிறேன், வுடுங்க!"

கிருத்திகையன்று மலையடிவாரத்தில், மெலிந்த கைகளால் காவடியைத் தூக்கி என் தோளில் வைத்தார். அண்ணன் அவருக்குக் குடை பிடித்துக்கொண்டு நின்றார்.

"பாரமா இருக்குதா?"

"நீங்க குந்துங்க மொதல்ல."

படியேறத் தொடங்கினேன். பின்னாலிருந்து ஒரு "அரோகரா!" வந்தது பாருங்கள், காமாலைக்காரன் குரலா அது? பக்கத்தில் ஏறினவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். நான் திரும்பவில்லை. திரும்பினால் அழுதுவிடுவேன் என்று தெரியும். அதைவிடப் பெரிய குரலில் "அரோகரா!" என்று பதில் கொடுத்துக்கொண்டே ஏறினேன்.